ஆடுபவனும் காத்திருப்பவனும்

ஓர் அணியில் ஒருவன் மிகத் திறமைசாலி. அதே இடத்துக்காக அவனைப் போலவே வியர்வை சிந்திப் பயிற்சி பெற்ற வேறு இருவர் வாங்கில் அமர்ந்திருக்கிறார்கள். ஆட்ட நேரத்தை எவ்வாறு பங்கிடுவது நீதி? திறமைக்கே முழுவதுமா? உழைத்தவர் எல்லோருக்குமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டத்தில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது.

அது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறும் முரட்டு ஆட்டம். களத்தில் நிற்பவர் 11 பேர். அணியிலோ ஏறக்குறைய 100 பேர். அங்கே 1965 முதல் தடையின்றி ஆளை மாற்றலாம். வெளியே போனவன் திரும்பியும் வரலாம். ஆகவே, "விதி இடந்தரவில்லை" என்று பயிற்றுநர் தப்ப முடியாது. ஒருவன் பருவம் முழுவதும் வாங்கிலேயே இருந்தால், அது அவர் எடுத்த முடிவுதான்.

எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு மாணவன் நான்கு பருவங்களே ஆடலாம் என்பது நெடுங்கால விதி. முன்னரெல்லாம், வெற்றி உறுதியான ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், "பாவம், அவனும் ஆடட்டும்" என்று இறக்கினால், அந்த ஒரு நிமிடமே அவனுடைய ஒரு பருவத்தை விழுங்கிவிடக்கூடும். இரக்கமே தண்டனையாயிற்று! நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் பருவம் கழியாது என்று 2018இல்தான் திருத்தினார்கள்.

2018 ஜனவரி 8ஆம் திகதி அட்லாண்டா நகரில் நடந்த தேசிய இறுதியாட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜோர்ஜியா. அங்கே பந்தை ஏந்தி ஓடும் வேலையை நிக் சப், சொனி மிஷெல் என்ற இருவர் பகிர்ந்துகொண்டனர். அப்பருவத்தில் இருவருமே 1,000 யாருக்கு மேல் ஓடினர். பங்கிட்டதால் ஒருவர் உடலே எல்லா அடியையும் வாங்கவில்லை. அதே ஆண்டில் இருவரையும் தொழில்முறை அணிகள் தெரிந்தெடுத்தன.

மறுபக்கம் அலபாமா. ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவனின் இடத்தை அப்படி எளிதில் பங்கிட முடியாது. ஜேலன் ஹேர்ட்ஸ் இரு பருவங்களில் முதல் வீரராக இறங்கி இரண்டே ஆட்டங்களில் தோற்றவர். அன்று பாதி ஆட்டம் முடிந்தபோது அணி 13-0 எனப் பின்தங்கியிருந்தது. பயிற்றுநர் நிக் சேபன் அவரை வாங்கில் இருத்தி, முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். அலபாமா மேலதிக நேரத்தில் 26-23 என வென்றது.

ஹேர்ட்ஸுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? இல்லை என்பதே என் எண்ணம். அந்த இடம் அவருடைய சொத்தன்று. மற்ற வீரர்களின் ஓராண்டு உழைப்பும் அதே தராசில் இருந்தது. அடுத்த பருவமும் அவர் அங்கேயே தங்கினார். டிசெம்பர் 1ஆம் திகதி, அதே அரங்கு, அதே ஜோர்ஜியா. டுவா காயமுற, 28-21 எனத் தோற்றுக்கொண்டிருந்த அணியை ஹேர்ட்ஸ் 35-28 என வெல்லச் செய்தார்.

இக்கதையைச் சொல்லி, "பொறுத்தவர் பூமி ஆள்வார்" என்று முடிப்பது எளிது. எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஹேர்ட்ஸுக்கு அந்த மாலை வந்தது. நான்காண்டும் காத்திருந்து எதுவும் வராத இளைஞர் எத்தனை பேர்! அவர்களுக்கு நிமிடக் கணக்கில் சமபங்கு கடனென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உண்மை கடன். "உனக்கு இங்கே இடம் கிடைப்பது அரிது" என்பதைக் காலத்தோடு சொல்லவேண்டும். பருவத்தின் நடுவில் ஆள் குறைந்துவிடுமோ என்றஞ்சி, நம்பிக்கை ஊட்டி நிறுத்தி வைப்பது ஏமாற்று.

சொன்னபின் போகவும் விடவேண்டும். பட்டம் பெற்றிருந்ததால் ஹேர்ட்ஸ் 2019இல் ஒக்லஹோமாவுக்குச் சென்று உடனே ஆட முடிந்தது. பட்டம் பெறாதவன் மாறினால் அப்போது பொதுவாக ஓராண்டு ஆடாமல் இருக்கவேண்டியிருந்தது. பயிற்றுநரோ விரும்பியபடி வேறிடம் போகலாம். முதன்முறை மாறுவோருக்கு அத்தடை 2021இல் நீங்கியது. அதன்பின், வாங்கில் இருப்பவர்கள் பொறுமையின்றி எழுந்து போகிறார்கள் என்று பயிற்றுநர் பலர் குறைகூறினர். அந்தக் குறையில் எனக்கு அவ்வளவாக அனுதாபமில்லை.