தலைமாறும் சூரன்: புகைப்பழக்கமும் கந்தசஷ்டி விரதமும்

உடம்பை இழிவானதென்று எண்ணியிருந்த தாம், அதனுள்ளே உத்தமனாகிய இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூல நாயனார் திருமந்திரத்திலே கூறுகின்றார். உடம்பே ஆலயம் என்பது சைவர்களாகிய எமக்குப் புதிய செய்தியன்று. ஆலயத்தின் உள்வீதியிலே ஒரு சருகு கிடந்தாலும் குனிந்து எடுத்துப் போடுகின்றோம். கருவறையிலே ஒட்டடை படிந்தால் மனம் பொறுப்பதில்லை. ஆனால் மூச்சு உலாவுகின்ற நெஞ்சறையிலே நாள்தோறும் கரி படிய விடுகின்றவர்கள் எம்மிடையே எத்தனை பேர்!

புகையிலை எமது மண்ணுக்கு அந்நியமான பயிரன்று. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. தோட்டத்திலே புகையிலை நட்டு, சுருட்டுக் கொட்டிலிலே சுருட்டுச் சுற்றி, அந்த வருவாயிலே பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல. கோயில் திருப்பணிக்குக் கொடுத்தவர்களும் உளர். அவர்களைக் குறை கூறுவது முறையன்று. புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்திலே டோல், ஹில் என்னும் ஆய்வாளர்கள் தெளிவாக எடுத்துக்காட்டியது 1950ஆம் ஆண்டிலேதான். முன்னோர் அறியாமற் செய்தனர். நாம் அறிந்தும் செய்கின்றோம் என்பதே வேறுபாடு.

இன்று அறியப்பட்டவை எவை? புகையிலைப் புகையிலே 7000க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கவல்லவை. புகையிலையால் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் உலகிலே இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களுள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் தாம் புகைக்காதவர்கள். பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். தந்தை திண்ணையிலிருந்து விடுகின்ற புகை, உள்ளே தொட்டிலிலே கிடக்கின்ற பிள்ளையின் மூச்சிலும் சேர்கின்றது.

ஒரு பெரியவரின் கேள்வி

முருகன் கோயில் உள்ள ஒரு கிராமத்திலே, தோட்டம் செய்கின்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இளமைக்காலந்தொட்டு மகோற்சவத்திலே சுவாமி தூக்குகின்றவர். வாகனத்தின் முன்கொம்பு அவருக்குரியது என்று ஊரார் விட்டுக் கொடுத்திருந்தனர். ஓராண்டு, வெளிவீதியின் மேற்கு மூலை திரும்பும்போது அவருக்கு மூச்சு முட்டியது. கொம்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர்ப் பந்தலுக்குள்ளே போய் இருந்தார். வைத்தியசாலையிலே பரிசோதித்த வைத்தியர், நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்றும், சுருட்டை விட்டேயாக வேண்டும் என்றும் கூறினார். பெரியவர் விட முயன்றார். மூன்றாம் நாள் கை நடுங்கியது, கோபம் வந்தது. மனைவியோடு காரணமின்றிச் சண்டை பிடித்தார். நான்காம் நாள் மீண்டும் சுருட்டைப் பற்ற வைத்தார்.

ஐப்பசியிலே கந்தசஷ்டிக்கு மகன் இலண்டனிலிருந்து வந்தான். வரும்போது ஒரு இலத்திரனியல் சிகரெட்டும் கொண்டு வந்தான். "அப்பா, இதிலை நெருப்பும் இல்லை, கரியும் இல்லை. வெறும் ஆவிதான். நான் சிகரெட்டை விட்டதே இதாலைதான்" என்றான். பெரியவருக்கு மகிழ்ச்சி. ஆயினும் ஒரு சந்தேகம். விரதத்துக்குக் காப்புக் கட்ட இருவரும் கோயிலுக்குப் போனபோது குருக்களிடம் கேட்டார்: "ஐயா, இது புகை இல்லைத்தானே? விரத நாளிலை இதைப் பிடிக்கலாமோ?"

குருக்கள் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்து, "தம்பி, இதைப் பிடிக்கத் தொடங்கி எவ்வளவு காலம்?" என்றார். "நாலு வருஷம், ஐயா." "எப்ப விடப்போறீர்?" மகன் பேசாமல் நின்றான். அந்தக் கேள்வியை அவனிடம் எவரும் அதுவரை கேட்டதில்லை.

இலத்திரனியல் சிகரெட் உதவுமா?

மகன் கூறியதிலே உண்மை இல்லாமலில்லை. சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்னும் மருந்தாளர் 2003ஆம் ஆண்டளவில் இன்றைய வகை இலத்திரனியல் சிகரெட்டை உருவாக்கினார். அவரே புகைப்பவர், அவருடைய தந்தையார் சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தவர். சிறிய பற்றரி ஒன்று ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்க, நிக்கொட்டினும் வாசனையும் கலந்த திரவம் ஆவியாகி வாய்க்கு வருகின்றது. புகையிலை எரிவதில்லை. ஆதலால் தாரும் காபனோரொட்சைட்டும் சிகரெட்டிலே உண்டாவதுபோல் உண்டாவதில்லை. புகைப்பவர் ஒருவர் முற்றாக இதற்கு மாறினால் அவர் உட்கொள்ளும் நச்சுப் பொருட்கள் பெரிதும் குறையும். இங்கிலாந்தின் சுகாதாரத் துறையினர், புகைப்பவர்கள் விடுவதற்கு இதனை ஒரு வழியாக எடுத்துக் கூறுவதும் இதனாலேயே.

அந்நாட்டிலே 886 புகைப்பவர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2019ஆம் ஆண்டு வெளியானது. இலத்திரனியல் சிகரெட்டைப் பெற்றவர்களுள் 100க்கு 18 பேர் ஓராண்டின் பின்னும் புகைக்காமல் இருந்தனர். நிக்கொட்டின் ஒட்டுத்தாள், மெல்லும் பசை முதலியவற்றைப் பெற்றவர்களுள் 100க்கு ஏறத்தாழ 10 பேரே அவ்வாறு இருந்தனர். இரு பகுதியினருக்கும் ஆலோசகர்களின் துணையும் இருந்தது. ஆகவே இக்கருவி சிலருக்கு உதவுகின்றது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இலத்திரனியல் சிகரெட்டால் விட்டவர்களுள் 100க்கு 80 பேர் ஓராண்டு கழிந்தும் அக்கருவியைக் கையில் வைத்திருந்தனர். மற்றைய மருந்துகளால் விட்டவர்களுள் 100க்கு 9 பேரே அம்மருந்தைத் தொடர்ந்தனர். சுருட்டு விட்டது, நிக்கொட்டின் விடவில்லை.

தீங்கு குறைவு என்பது தீங்கு இல்லை என்பதாகாது. இந்த ஆவியை நெடுங்காலம் உள்ளிழுத்தவர் நிலையைச் சொல்வதற்குப் போதிய காலம் இன்னும் கழியவில்லை. புகைத்தலையும் விடாமல் இதனையும் சேர்த்துப் பிடிப்பவருக்கு நன்மை சொற்பமே. இனிப்பும் பழவாசனையும் சேர்த்து விற்பதனால், ஒருநாளும் புகைக்காத பிள்ளைகளும் இதற்கு அடிமையாகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு எச்சரித்தது. வளர்கின்ற மூளைக்கு நிக்கொட்டின் கேடு. இந்தியா 2019ஆம் ஆண்டு இதன் விற்பனையை முற்றாகத் தடைசெய்தது. இலங்கையிலே புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகள் 2016ஆம் ஆண்டின் பிரமாணங்களால் தடைசெய்யப்பட்டன. 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கின்றது. ஆதலால் புகைக்காத ஒருவர் இதனைத் தொடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மாமரமாய் நின்றவன்

குருக்கள் அவர்களிருவரையும் வசந்த மண்டபத்திலே இருத்திச் சொன்னார்: "ஆறாம் நாள் சூரன் போர் பார்க்கிறீங்கள். ஒரு தலையைக் கழற்றி மற்றத் தலையைப் பூட்டுவினம். கடைசியிலை மாமரமாய் வருவான். சின்னப் பிள்ளையள் சூரன் போட்டான் எண்டு நினைக்குங்கள். பெரியாக்கள் ஏமாறலாமோ? தலை மாறினாலும் தூக்கி ஆட்டுறது அதே உடம்புதான்."

கந்தபுராணம் உணர்த்துகின்ற தத்துவமும் இதுவே. சூரபன்மன் பல வடிவங்கள் எடுத்தான். நிழல் தரும் மாமரமாகவும் நின்றான். முருகப் பெருமான் வடிவத்தைக் கண்டு மயங்கவில்லை. ஆசையும் அவ்வாறே வடிவம் மாறி வரும். சுருட்டை விட்டவர் வெற்றிலையோடு புகையிலை சேர்த்து வாய்க்குள் அடக்குவார். அது வாய்ப்புற்றுநோய்க்கு வழி. பாக்குத் தானும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. பின்னர் அதே ஆசை, பழவாசனை வீசும் குழலாக வந்து நிற்கும்.

அப்படியானால் துணையொன்றைப் பற்றுவதே தவறா? அன்று. ஆன்மா எதையேனும் சார்ந்தே நிற்கும், சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சைவசித்தாந்தம். ஒன்றை விடுவதற்கு இன்னொன்றைப் பற்றத்தான் வேண்டும். கால் முறிந்தவனுக்கு ஊன்றுகோல் கொடுப்பது தருமம். ஆனால் என்றைக்கு ஊன்றுகோலை வைப்பது என்பதும் வைத்தியர் சொல்லித் தருவதே. வைக்கும் நாள் இல்லாத ஊன்றுகோல் விலங்காகிவிடும். மகனை நோக்கிக் குருக்கள் கேட்ட கேள்வியின் பொருள் அதுதான்.

விரதம் என்னும் வழி

சுருட்டை விட முடியாது என்று கூறுகின்ற அடியார்களுட் பலர், கந்தசஷ்டி ஆறு நாளும் அதனைத் தொடுவதில்லை. நல்லூர்க் கந்தன் மகோற்சவம் 25 நாளும் தொடாதவர்கள் உளர். ஐயப்பனுக்கு மாலை அணிந்து 41 நாளும் தொடாதவர்கள் உளர். அவர்களுக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? வைத்தியம் கூறுவதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் நன்று. நிக்கொட்டினை நிறுத்தியதும் உண்டாகும் எரிச்சலும் பதற்றமும் நித்திரையின்மையும் முதல் இரண்டு மூன்று நாட்களிலே உச்சமடைகின்றன. பின்னர் சிறிது சிறிதாகத் தணிந்து, பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரங்களிலே அடங்குகின்றன. சஷ்டியின் ஆறு நாட்கள் கடினமான பகுதியைக் கடத்திவிடுகின்றன. 25 நாட்கள் உடம்பின் வேட்கையைப் பெரும்பாலும் தணித்துவிடுகின்றன. அதுவரை வந்தவர், பாறணை முடிந்த கையோடு சுருட்டைப் பற்ற வைப்பது, கரைக்கு வந்த தோணியை மீண்டும் கடலுக்குத் தள்ளுவது போன்றது.

வேட்கை எழும்பும் வேளையும் நெடியதன்று. சில நிமிடங்களிலே உச்சம் கண்டு இறங்கிவிடும். அவ்வேளையிலே ஒரு மிடறு தண்ணீர் குடித்து, நெற்றியிலே திருநீறு அணிந்து, திருவைந்தெழுத்தை 108 முறை ஓதுக. ஓதி முடிக்குமுன் அலை தாழ்ந்துவிடும். திருமூலர் மூன்றாம் தந்திரத்திலே உரைத்த பிராணாயாமத்தைக் குருவழியாகக் கற்றவர்கள் அதனையும் செய்யலாம். புகையை இழுத்த மூச்சு, அங்கே இறைவனை நினைக்கும் மூச்சாகின்றது.

பிரார்த்தனை உண்டு, மருந்து வேண்டாம் என்பதும் அறியாமை. சிவபெருமானை வைத்தியநாதன் என்று வழிபடுகின்ற சமயம் எமது சமயம். உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிலே, வைத்திய ஊழியரின் ஆலோசனையையும், நிக்கொட்டின் ஒட்டுத்தாள், மெல்லும் பசை, வரெனிக்கிளின் முதலிய மருந்துகளையும் விதந்துரைத்துள்ளது. எவருக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

வீட்டாரின் பங்கும் பெரிது. மருணீக்கியார் சமயம் மாறிச் சென்றபோது தமக்கையார் திலகவதியார் வெறுத்து ஒதுக்கவில்லை. சூலைநோயோடு திரும்பி வந்தபோது ஏசவுமில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே திருநாவுக்கரசு நாயனாரானார். புகையை விட முயன்று தவறியவரை, "உங்களாலை ஏலாது" என்று சொல்லாத வீடே திலகவதியார் வாழும் வீடு.

பெரியவர் கண்ட பயன்

அன்று தகப்பனும் மகனும் ஒன்றாகக் காப்புக் கட்டினர். குழலைக் குருக்கள் முன்னிலையிலேயே வைத்தனர். மகன் ஆறு நாளும் பட்ட பாட்டைக் கண்டபோதுதான், தம்மைக் கட்டியிருந்ததும் அவனைக் கட்டியிருப்பதும் ஒரே கயிறு என்று பெரியவருக்கு விளங்கியது. "தம்பி, உனக்கும் என்னைப் போலத்தான்" என்றார். சூரன் போரன்று இருவரும் வீதியிலே அருகருகே நின்றனர்.

பெரியவர் ஒருமுறை தவறினார். செத்தவீடொன்றிலே தட்டத்திலே சுருட்டு வந்தபோது பழக்கத்திலே கை போய்விட்டது. மனைவி ஏசவில்லை. மறுநாள் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். தைப்பூசத்தன்று மீண்டும் தொடங்கிய விரதம் பிறகு கலையவில்லை. இலண்டனிலிருந்து மகன், தான் அக்கருவியைப் பிறகு தொடவில்லை என்று சொல்ல, ஒவ்வொரு வெள்ளியும் தகப்பனோடு கதைப்பான்.

புகையை விட்டு 20 நிமிடங்களிலே இதயத் துடிப்புத் தணியத் தொடங்குகின்றது. ஓராண்டிலே மாரடைப்பு அபாயம் புகைப்பவருக்கு உள்ளதிலே பாதியாகின்றது. 10 ஆண்டுகளிலே சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் ஏறத்தாழப் பாதியாகின்றது. ஆனால் கெட்டுப்போன சுவாசப்பை முழுவதும் பழையபடி ஆவதில்லை. மேலும் கெடாமல் நிற்பதே பெரும் பேறு. பெரியவர் மறுபடியும் வாகனம் தூக்கவில்லை. அடுத்த தேர்த் திருவிழாவிலே வடத்தின் கடைசியைத் தொட்டபடி, மேற்கு மூலையிலே நிற்காமல், வெளிவீதி முழுவதும் நடந்து வந்தார். தேர் இருப்புக்கு வந்ததும் வாய்விட்டு "அரோகரா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு மூச்சு இருந்தது.

அடியார்களே! இவ்வாண்டு காப்புக் கட்டுகின்றவர்கள் ஏழாம் நாளையும் நினைந்து கட்டுக. எடுக்கின்ற துணை எதுவாயினும் அதனை வைக்கின்ற நாளையும் குறித்தே எடுக்குக. சூரனைச் சேவலும் மயிலுமாக்கித் தன்னோடு வைத்துக் கொண்ட வேலவன், எமது பலவீனத்தையும் பக்தியாக மாற்றியருள்வானாக. எல்லோரும் நோயற்ற உடம்பும் தூய மூச்சும் பெற்று அவன் திருநாமத்தை ஓதி உய்ய அவன் திருவடிகளையே இறைஞ்சுவோமாக.