பகைவரோடு பத்து நாள்

சீடன்: ஐயா, பகை கண்ணை மறைக்கும் என்கிறீர்கள். பகைத்த இடத்திலேயே கண் திறந்தவர் எவரேனும் உண்டா?

குரு: உண்டு. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் சி. பி. எல்லிஸ் என்றொருவர் இருந்தார். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இயக்கத்தின் உள்ளூர்த் தலைவர். அதே ஊரில் ஏழைக் கறுப்பின மக்களின் வீட்டுவசதிக்காகப் போராடியவர் ஆன் அட்வாட்டர். ஒருவர் பெயரைக் கேட்டாலே மற்றவருக்கு ஆகாது. 1971இல், பள்ளிகளில் கறுப்பர் வெள்ளையர் பிரிவினையை நீக்குவது பற்றிப் பேசப் பத்து நாள் கூட்டம் கூடியது. அதற்கு இவ்விருவரையே இணைத் தலைவர்களாக்கினார்கள்.

சீடன்: சண்டை முற்றியிருக்குமே?

குரு: தொடக்கத்தில் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இருவரும் சேர்ந்து தலைமை ஏற்றதற்காக இருவர் பிள்ளைகளும் பள்ளியில் ஏளனத்துக்கு ஆளானார்கள். ஒருநாள் அதைப் பேசிக்கொண்டபோது இருவரும் அழுதுவிட்டார்கள். கூட்டத்தின் முடிவில் எல்லிஸ் மேடையேறித் தம் கிளான் அட்டையைக் கிழித்தார்.

சீடன்: ஒரு வாழ்நாள் வெறுப்பு பத்து நாளில் கரையுமா?

குரு: உறுத்தல் முன்பே இருந்தது. எல்லிஸ் ஆலைத் தொழிலாளியின் மகன். எவ்வளவு உழைத்தும் வறுமை தீரவில்லை; கறுப்பர்களே அதற்குக் காரணம் என்று நம்பினார். நகர்மன்ற உறுப்பினர்கள் சிலர் இரவில் தொலைபேசியில் அழைத்து, ஆட்களோடு நகர்மன்றக் கூட்டத்துக்கு வரச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர் பகலில் இவரைத் தெருவில் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். தம் கோபத்தை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற ஐயம் அன்றே எழுந்தது. அட்வாட்டரின் வறுமையை அருகிருந்து பார்த்தபோது அது உறுதிப்பட்டது.

சீடன்: அப்படியானால் பகையும் நன்மை செய்கிறதே?

குரு: பகை செய்யவில்லை. எட்ட நின்று வெறுக்கும்வரை எதை வேண்டுமானாலும் நம்பலாம். ஒரே பொறுப்பை இருவர் தோளிலும் ஏற்றியதுதான் எல்லிஸை மாற்றியது.

சீடன்: அவமதிக்கப்பட்டவர் எதற்காக இறங்கி வர வேண்டும்?

குரு: அட்வாட்டர் இறங்கவில்லை. தம் கோரிக்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமல்தான் எதிரியோடு உட்கார்ந்தார். நீதியை விட்டுவிட்டு வரும் இணக்கம் அடிமைத்தனம்.

சீடன்: மாறியதால் எல்லிஸ் அடைந்தது என்ன?

குரு: முதலில் இழப்பு. பழைய நண்பர்கள் கைவிட்டார்கள். கொலை மிரட்டல்கள் வந்தன. பின்னர் தொழிற்சங்கப் பணிக்கு வந்தார். கறுப்பின உறுப்பினர்களே மிகுதியாக இருந்த சங்கம் அவரைப் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தது. 2005இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கில் அவரைப் பற்றிப் பேசியவர் அட்வாட்டர்.

சீடன்: நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

குரு: நீ வெறுக்கும் கூட்டத்தில் ஒருவரோடாவது சேர்ந்து ஒரு வேலை செய்திருக்கிறாயா? இல்லையென்றால், அந்த வெறுப்பை உனக்குக் கொடுத்தவர் யார், அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்று முதலில் விசாரி.