முற்பணம் கொடுக்குமுன் வாசலில் நில்லுங்கள்

திருகோணமலை நகரில் கடை போட இடம் தேடுகிற தம்பி தங்கச்சிமாரே, முற்பணத்தை இன்றைக்கு நீட்டாதீர்கள். அது கட்டாரில் வெயிலில் உழைத்த காசு, அம்மாவின் நகையை அடகு வைத்த காசு. நாளைக்கே வேறு ஆள் எடுத்துவிடுவார் என்று தரகர் அவசரப்படுத்தினால், எடுக்கட்டும், விடுங்கள்.

முதலில் அந்தக் கடை வாசலில் போய் நில்லுங்கள். கந்தோரும் பள்ளிக்கூடமும் தொடங்குகிற காலை, ஜும்மா முடிகிற வெள்ளி மத்தியானம், சனம் பஸ்ஸுக்கு ஓடுகிற பின்னேரம் என்று வேறு வேறு நேரத்தில் நின்று, ஆட்களை எண்ணிக் கொப்பியில் குறியுங்கள். கையில் சாமான் பையோடு போகிறவர்களைத் தனியே எண்ணுங்கள். என்.சி. வீதியில் சனம் நெரிகிறதுதான். அது உங்கள் கடைக்குள் ஏறுமா? பின்னேர வெயில் முகத்தில் அடிக்கிற பக்கம் யாரும் நடப்பதில்லை, எதிர்ப்பக்க நிழலோடு போய்விடுவார்கள். கடைத்தொகுதியின் மேல்மாடி என்றால், படியேறுகிறவர்களை மட்டும் கணக்கெடுங்கள்.

ஆடி மாத உப்புவெளிக் கடற்கரைக் கூட்டத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் உல்லாசப் பயணிகள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். கடல் கொந்தளிக்கிற நாட்களில் சிறு படகுக்காரருக்குத் தொழில் இல்லை. அவர் கையில் காசு இல்லாவிட்டால் உங்கள் கல்லாவிலும் இல்லை. வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும். பக்கத்துக் கடைக்காரரிடம் மார்கழி வியாபாரத்தை விசாரியுங்கள். அந்த மாதங்களைத் தாங்கக் காசு இருக்கிறதா என்று வீட்டில் ஒளிக்காமல் பேசுங்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை கிண்ணியாச் சனம் பாதைப் படகுக்குக் காத்திருந்துதான் நகரத்துக்கு வந்தது. இப்போது மோட்டார் சைக்கிளில் வந்துவிடலாம். அதை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் கிண்ணியாக் கடைத்தெருவுக்கும் ஒருமுறை போய் விலை கேளுங்கள். அங்கேயே அதே விலைக்குக் கிடைக்கிற சாமானுக்காக யாரும் பெற்றோல் எரித்துக்கொண்டு வரமாட்டார்கள்.

தெரிந்த ஆள்தானே என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டுச் சட்டம். உறுதி யார் பெயரில் என்று காணிப் பதிவகத்தில் பாருங்கள். உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான கடையை ஒருவர் உள்வாடகைக்குத் தருவதாகச் சொன்னால், அது செல்லுமா என்று சபையிலேயே கேளுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருக்கிற கடைக்குக் கூடுதல் வாடகை தருகிறேன் என்று உரிமையாளரிடம் போகாதீர்கள். அந்த வாசலுக்குச் சனத்தைப் பழக்கியது அவருடைய உழைப்பு. அவரை எழுப்புகிற உரிமையாளர் அடுத்த வருடம் உங்களையும் எழுப்புவார். காலியாக இருக்கிற கடையைக் கேளுங்கள். முன்பு அதில் இருந்தவரை வீடு தேடிப் போய், ஏன் விட்டீர்கள் என்று அவர் வாயாலேயே கேளுங்கள்.