கொடையும் கொலையாகுமோ?



இல்லாதவர்க்கு ஈவதும், கேட்டவர்க்கு மறுக்காமல் கொடுப்பதும் இல்லறத்தாரின் கடமை என்று சொல்லியே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆயின், கேட்கப்படும் பொருள் எதுவாயினும் கொடுத்துவிடலாமா? அண்மையில் நம் அன்பர் ஒருவர் எம்மிடம் கொணர்ந்த ஐயம் இவ்வினாவை எழுப்பியது. அவர் ஒருவருக்கு மட்டுமன்றி நம் அனைவர்க்கும் உரிய வினா இஃது ஆதலின், இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

அன்பரின் மகன் அமெரிக்க நாட்டில் பணிபுரிபவர். அங்குப் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினார். கார் நிறுத்தும் கொட்டகையின் அலமாரியில், முன்பிருந்தவர் விட்டுச் சென்ற வெடிமருந்து டப்பாக்கள் இரண்டு இருந்தன. அந்நாட்டில் வேட்டையாடுவோரும் குறிபார்த்துச் சுடுவோரும் சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் சேர்த்து வைத்து, புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். அதற்கான மருந்தே அது. அடுத்த வீட்டுக்காரர் அதைக் கண்டு, "உங்களுக்குப் பயன்படாது அன்றோ, எனக்குத் தாருங்கள், விலையும் தருகிறேன்" என்றார். அவரோ, பனிக்காலத்தில் கேளாமலே வந்து இவர்கள் வாசலில் பனியை அள்ளிப் போட்டவர். "கேட்டவர் நல்லவர், கேட்ட பொருளோ நமக்கு வேண்டாதது. எப்படி அப்பா மறுப்பது?" என்று மகன் தந்தையைக் கேட்க, தந்தை எம்மைக் கேட்டார்.

முதலில் பொருளின் தன்மையை அறிவோம். பொருளை அறியாமல் அறம் உரைத்தல் தகாது. வெடிமருந்து இருவகைப்படும். வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றை ஏறத்தாழ 75, 15, 10 என்னும் விழுக்காட்டில் கலந்து செய்வது பழைய கருமருந்து. ஈரம் படாமல் இருந்தால் இது பல்லாண்டுகள் ஆனாலும் வலிமை குன்றாது. 1884ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் வியே உருவாக்கிய புகையில்லா மருந்து மற்றொன்று. இக்காலத் தோட்டாக்களில் பெரிதும் பயன்படுவது இதுவே. இது நாளடைவில் தானே சிதையும். அதைத் தடுக்கச் சேர்க்கப்படும் பொருளும் காலப்போக்கில் தீர்ந்துவிடும். அதன்பின் அமில நெடி வீசும். செம்பழுப்பு நிற ஆவி எழும். துருவைப் போன்ற தூள் படியும். சிதையும்போது எழும் வெப்பம் அடங்கிக் கிடந்தால், எவரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்வதும் உண்டு. பிரான்சு நாட்டின் தூலோன் துறைமுகத்தில் 1907ஆம் ஆண்டில் 'இயேனா' என்னும் போர்க்கப்பலும், 1911ஆம் ஆண்டில் 'லிபெர்தே' என்னும் போர்க்கப்பலும் பகைவர் எவருமின்றித் தாமே வெடித்துப் பல உயிர்களைக் கொண்டன. கிடங்கிலிருந்த மருந்து கெட்டதே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

அன்றியும், புகையில்லா மருந்து வகைக்கு வகை வேறுபட்ட வேகத்தில் எரியும். ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றுக்கு இட்டால் துப்பாக்கி வெடித்துச் சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம். அன்பரின் மகன் கண்ட டப்பாக்களில் ஒன்றுக்குப் பெயர்ச்சீட்டே இல்லை. எனவே, விலங்குகளைப் பற்றிய எண்ணத்தை ஒருபுறம் வைத்தாலும், அதைக் கொடுப்பது அந்நல்லவருக்கே தீங்காக முடியலாம்.

பெயர்ச்சீட்டு உள்ள மற்றொரு டப்பாவையேனும் கொடுக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நம் அறநூல்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். அதாவது, பயனின்றிப் பாவம் சேர்க்கும் செயல்களை விலக்குதல். அவ்வாறு விலக்கத்தக்கன ஐந்து என்பர். அவற்றுள் ஒன்று ஹிம்சாதானம், கொலைக்கருவிகளைப் பிறர்க்கு அளித்தல். சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் இதை விளக்கும்போது வாளோடும் நஞ்சோடும் மண்வெட்டியையும் நெருப்பையும் கூடச் சேர்த்தே எண்ணுகிறது. நாள்தோறும் புழங்கும் பொருளிலும் எச்சரிக்கை வேண்டும் என்றால், வெடிமருந்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

"நாம் கொடாவிட்டால் அவர் கடையில் வாங்கிக்கொள்வார், நாம் மறுத்ததால் ஒரு மான் பிழைக்குமா?" என்று இளைஞர்கள் வினவுவர். நேர்மையான வினாதான். ஒரு மானும் பிழைக்காமல் போகலாம். ஆயினும், விரதம் என்பது உலகத்தின் கையைக் கட்டுவதன்று. நம் கையைக் கட்டுவது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வழியாலும் வினை வந்து ஒட்டும் என்று அறிந்த நாம், பிறர் செய்வார் என்பதைக் காட்டி நம் செயலைத் தூயதாக்க இயலாது. விற்ற பணத்தை ஜினாலயத் திருப்பணிக்கு அளித்துவிடலாம் என்னும் எண்ணமும் அத்தகையதே. கொடை தூயதாக வேண்டுமாயின், அது வந்த வழியும் தூயதாக இருத்தல் வேண்டும்.

அப்படியாயின் அழித்துவிடுவதா? அதிலும் ஐயம் எழுகிறது. தீயிட்டால் புல்லடியில் வாழும் சிற்றுயிர்கள் மாயும். சாக்கடையில் கொட்டினால் நீர்வாழ் உயிர்கள் துன்புறும். அப்படியே வைத்திருந்தாலோ வீட்டிலுள்ளோர்க்கும், தீயணைக்க வருவோர்க்கும் கேடு. தீங்கே இல்லாத வழி இல்லாதபோது தீங்கு மிகக் குறைந்த வழியைக் கவனத்தோடு மேற்கொள்வதே இல்லறத்தார் கடன். துறவியர்க்குரிய முழு விரதமும் நமக்குரிய அணுவிரதமும் வேறாக வகுக்கப்பட்டதன் காரணமும் இதுவே. ஆகவே, டப்பாக்களை அசைக்காமல் வைத்து, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தொலைபேசியில் தெரிவித்து, அவர்கள் சொல்வதன்படி ஒப்படைக்குமாறு கூறினோம். மகனும் அவ்வாறே செய்தார்.

எனினும், அவர்க்கு அதைவிடக் கடினமாக இருந்தது அண்டை வீட்டாரிடம் சொல்வதுதான். "நீர் வேட்டையாடுவது பாவம்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் அதுவும் ஒருவகை ஹிம்சையே. "இத்தகைய பொருளைப் பிறர்க்குக் கொடுப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்து நோன்பு. மேலும், இது கெட்டிருந்து உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் மனம் தாங்காது" என்றார். அண்டை வீட்டார் சிறிது நேரம் பேசாமலிருந்து, பின் தலையசைத்துச் சென்றாராம். அடுத்த பனிக்காலத்தில், இவர்கள் எழுவதற்கு முன்பே அவர்தம் வாசலில் பனியை அள்ளிப் போட்டவர் அன்பரின் மகனே.

இஃது எங்கோ அயல்நாட்டில் நிகழ்ந்ததென்று நாம் இருந்துவிடலாகாது. நம்மில் பலர் உழவர். நம் வீட்டுப் பரணிலும் பம்புசெட்டுக் கொட்டகையிலும் பாதி மீந்த பூச்சிமருந்து டப்பாக்கள் இல்லையா? பக்கத்து வீட்டார் எலிமருந்து கேட்டால், உறவு கெடுமே என்று எடுத்துக் கொடுப்பதில்லையா? பயிர்த்தொழிலில் நேரும் ஹிம்சை வேறு. மீந்ததை நினையாமல் கைமாற்றுவது வேறு. முன்னையது பிழைப்பால் வருவது. பின்னையது வெறும் மறதியால் வருவது.

புகையில்லா மருந்தைப் போன்ற ஒன்று நம் உள்ளத்திலும் உண்டு. பழைய சினத்தைத் தொடாமல் மூடிவைத்தால் அது தானே ஆறிவிடும் என்று எண்ணுகிறோம். அதுவோ உள்ளுக்குள் வெதும்பிக்கொண்டே இருந்து, எவரும் தீ வைக்காத ஒரு நாளில் பற்றிக்கொள்கிறது. அடுத்த பருவணத்துக்கு முன் பரணையும் ஒருமுறை பார்ப்போம். நெஞ்சையும் ஒருமுறை பார்ப்போம்.

கொல்லாமை ஓங்குக!