உருவம் துறந்தால் உறவு அறுமா?

கண்ணெதிரே நடமாடும் மாந்தரை வரைந்து வந்த ஓவியன் ஒருவன், தூரிகையைத் துறந்து தகட்டையும் கம்பியையும் கையிலெடுக்கிறான். முகமில்லை, முறுவலில்லை, வட்டமும் வளைவும், ஆட்டமும் அசைவுமே அவன் படைப்பு என்றாகிறது. உடனே எழுகிறது குற்றச்சாட்டு: "மக்களை மறந்தான்! மாளிகைவாசிகளின் பொழுதுபோக்குக்குப் பணிபுரியப் போனான்!"

குற்றச்சாட்டு மெய்தானா? உணர்ச்சியை ஒதுக்கி, உண்மையை ஆராய்வோம்.

அமெரிக்கக் கலைஞர் அலெக்சாண்டர் கால்டர், 1898-இல் பிறந்தவர். தந்தை சிற்பி, பாட்டனும் சிற்பி. பிலடெல்பியா நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை, பாட்டனார் வடித்ததே. பேரனோ பொறியியல் பயின்றார். பின்னர், 1923-இல் நியூயார்க்கில் ஓவியம் கற்கத் தொடங்கினார். தெருவையும் திரளையும் சர்க்கஸ் கூடாரத்தையும் உள்ளது உள்ளபடி தீட்டினார்.

1930-இல் பாரிஸ் நகரில், மோந்திரியான் என்னும் ஓவியரின் கலைக்கூடம் சென்றார். வெண்சுவரிலே வண்ண அட்டைகள்! இவை அசைந்தாலென்ன என்றோர் எண்ணம் அவர் உள்ளத்தே எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே அருவச் சிற்பங்கள் பிறந்தன. அசையும் அவற்றுக்கு 'மொபைல்' என்று பெயரும் வந்தது.

ஆற்றல் இல்லாமலா உருவத்தை விட்டார்? இல்லை. ஒற்றைக் கம்பியை வளைத்தே ஒருவரின் முகச்சாயலைக் காட்டவல்ல கை அது! நிற்கும் படத்தில் அடங்காத உண்மையொன்றை, அசைவு என்னும் உண்மையைக் கண்டார். கண்டபின் பழையதையே பற்றி நிற்க மறுத்தார். பாட்டன் வழியென்பதற்காகவே பாதையை மாற்றாதிருப்பது பற்றாகுமேயன்றிப் பகுத்தறிவாகாது.

ஆயினும் கேள்வி எஞ்சுகிறது: மக்கள் துயருறும் வேளையில் வட்டமும் வளைவும் எதற்குதவும்?

விடை 1937-இல் கிடைத்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். பிராங்கோவின் படை குடியரசை நெரித்துக் கொண்டிருந்தது. பாரிஸ் உலகக் கண்காட்சியில் குடியரசு அமைத்த மண்டபத்திலே, பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியத்தின் எதிரே, கால்டரின் பாதரச ஊற்று நின்றது. தகட்டிலிருந்து தகட்டுக்கு வழிந்தோடிய பாதரசம், கோலொன்றைத் தள்ளி ஆட்டிற்று. மேலே, கம்பியால் எழுதிய ஊர்ப்பெயர்: 'அல்மதேன்'. பாதரசச் சுரங்கங்களுக்கு உலகறிந்த ஊர். பிராங்கோவின் படை குறிவைத்த ஊர். சுரங்கத் தொழிலாளியின் முகம் அங்கில்லை; அவன் தோண்டியெடுத்த பொருளே அவனுக்காகப் பேசிற்று!

"ஊர்ப்பெயரை எழுதியதால்தானே பொருள் விளங்கிற்று?" என்று கேட்கலாம். ஆம், அதனால்தான்! அங்கேதான் அறம் இருக்கிறது. பார்ப்போரை இருளில் தடவ விடாது, ஒரு சொல்லைக் கைவிளக்காய் ஏற்றி வைத்தார் கலைஞர். 'புரியாததே பெருமை' என்று இறுமாந்து நிற்பவரிடம் அவ்விளக்கு இல்லை; 'புரியவில்லை, எனவே பொய்' என்று தீர்ப்பளிப்பவரிடம் பொறுமை இல்லை. இருவருமே கலைக்கும் மக்களுக்கும் இடையே சுவரெழுப்புவோர்.

உருவத்தை விடும் உரிமை கலைஞனுக்கு உண்டு. உறவை விடும் உரிமை இல்லை. எதை வரைந்தான் என்பதைவிட, எவர் பக்கம் நின்றான் என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை சொல்லத்தக்க கலை, முகமிலாக் கலையாயினும் மக்கள் கலையே!