வெட்டப்பட்ட முகங்கள்: நிழற்படமும் உண்மையும்

நிழற்படம் பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. ஓவியன் தான் விரும்பியதைத் தீட்டுகின்றான். கமராவோ தன் முன் நிற்பதையே பதிவுசெய்கின்றது. சோவியத் யூனியனின் பழைய நிழற்படங்கள் இந்நம்பிக்கையை ஐயுறவைக்கின்றன. ஒரு படத்தின் உண்மை அதனை எடுத்தவனோடு முடிந்துவிடுவதில்லை. அதனைப் பின்னர் வைத்திருந்தோரையும் பொறுத்தது. ஆகவே ஒழுக்கவியல் சார்ந்த வினாவொன்று எழுகின்றது: படத்திலிருந்து ஒரு மனிதனை நீக்குவோர் அனைவரும் ஒரே குற்றத்தையா செய்கின்றனர்?

1937இல் மொஸ்கோ-வொல்கா கால்வாயோரத்தில் எடுக்கப்பட்ட படமொன்றில், ஸ்டாலினின் அருகே இரகசியப் பொலிஸின் தலைவர் யெஷொவ் நிற்கின்றார். ஆயிரமாயிரம் பேரை மரணத்துக்கு அனுப்பிய அவரே 1940இல் சுடப்பட்டார். பின்னர் அப்படத்தில் அவர் நின்ற இடத்தைக் கால்வாயின் நீர் நிரப்பியது. இங்கு நீக்கம் நிகழ்ந்தமைக்கு எத்தடயமும் விடப்படவில்லை. கொலையுண்டவனைப் பிறந்திராதவன் ஆக்குவதே அதிகாரத்தின் நோக்கம்.

இவ்வேலையில் அரசு தன் குடிமக்களையும் பங்காளிகளாக்கியது. யெஷொவின் பின் அப்பதவியை ஏற்ற பெரியா 1953 டிசெம்பரில் சுடப்பட்டார். மறு ஆண்டு சோவியத் பெருங் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரருக்குப் புதிய தாள்கள் சில வந்தன. பெரியா பற்றிய பக்கங்களை வெட்டியகற்றி, பேரிங் கடல் முதலியன பற்றிய இத்தாள்களை ஒட்டுமாறு அவர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

வீட்டு அல்பங்களில் நிகழ்ந்ததோ வேறு. 1937, 1938ஆம் ஆண்டுகளில் 'மக்களின் எதிரி' எனப்பட்டவனின் படத்தை வைத்திருத்தலே குடும்பத்துக்கு ஆபத்தாயிற்று. மனைவியர் கணவரின் முகத்தைக் கத்தரித்தனர். பிள்ளைகள் தந்தையின் முகத்தில் மை பூசினர். செயல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. படம் முழுவதையும் எரித்துவிடுதல் எளிதாயிருந்தது. ஆயினும் பலர் எரிக்கவில்லை. தோளில் ஒரு கை கிடக்கின்றது. அக்கைக்குரிய முகம் இல்லை. அந்த வெற்றிடம் 'இங்கொருவர் இருந்தார்' என்றே சொல்கின்றது. அச்சத்தால் மறைத்தவரே அன்பினால் காத்தும் வைத்தனர்.

அச்சம் எல்லாவற்றையும் மன்னித்துவிடுமா? புகழ்பெற்ற கலைஞர் ரொட்சென்கோவின் வாழ்வு இவ்வினாவைக் கடினமாக்குகின்றது. 1933இல் வெண்கடல் கால்வாயில் கைதிகளின் கட்டாய உழைப்பை மனித மறுமலர்ச்சியாகப் படம்பிடித்தவர் அவர். 1934இல் வெளிவந்த உஸ்பெகிஸ்தான் பற்றிய அல்பத்தை வடிவமைத்தவரும் அவரே. அதிற் புகழப்பட்ட தலைவர் பலர் பின்னர் வீழ்த்தப்பட்டபோது, தம் சொந்தப் பிரதியில் அவர்தம் முகங்களைக் கரிய மையால் மூடினார். அந்த மைக்கறை அச்சத்தின் சான்று; ஆயினும் முன்னைய புகழ்ச்சிக்கு அது பரிகாரமாகாது. கட்டாயம் பழியைக் குறைக்கும். பொறுப்பை முற்றாக அழித்துவிடாது.

இன்று அக்காலத்துச் சாதாரண மக்களின் படங்களை ஏக்கத்தோடு நோக்குவோர் பலர். 1934 முதல் கார்கொவ் நகரில், அநாதைச் சிறுவர் வாழ்ந்த தொழிற் கம்யூன் ஒன்றில் 'ஃபெட்' கமரா தயாரிக்கப்பட்டது. இரகசியப் பொலிஸைத் தோற்றுவித்த ஸெர்ஷின்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. பிறந்தநாள் விருந்தும், கழுத்திற் செந்துணி கட்டிய மாணவரும், கடற்கரை விடுமுறையும் அத்தகைய கமராக்களிற் பதிவாயின. அச்சிரிப்புக்களைப் பொய்யெனத் தள்ளுதல் அம்மனிதருக்கு இழைக்கும் அநீதி. எனினும் அதே கார்கொவில் 1933இல் பஞ்சத்தால் மாந்தர் தெருவில் வீழ்ந்து மடிந்ததை ஒஸ்திரிய எந்திரியான வீனர்பெர்கர் மறைவாகவே படமெடுக்க நேர்ந்தது. சிரிப்பு உண்மை, அச்சிரிப்பே அக்காலம் முழுவதும் என்பதுதான் பொய்.

எனவே பழைய படத்தை நோக்குபவனுக்கும் ஒரு கடமை உண்டு. தெரியும் முகங்களை மதித்தலோடு, இல்லாத முகங்களை வினவுதலும் அக்கடமையின் பாற்படும். அரசு தடயமின்றி நிரப்பிய இடத்தைவிட, ஒரு தாய் நடுங்கும் கையால் வெட்டிய துளை உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது. அத்துளையை அழகிய நினைவுகளால் நாம் மீண்டும் நிரப்பிவிடுவோமாயின், அவள் எரிக்காது காத்ததை நாமே அழித்தவராவோம்.