பிறர் பிள்ளையும் தன் பிள்ளையும்

பெண் வெளியே சென்று பணிபுரியலாமா என்னும் கேள்வி நம்மிடையே எழும்போதெல்லாம் இரு சாரார் உடனே எழுந்து நிற்கின்றனர். ஒரு சாரார், திருமறையின் 33ஆம் அத்தியாயத்தில் வீட்டில் தங்கியிருக்குமாறு வந்துள்ள கட்டளையை எடுத்துக்காட்டுவர். மறு சாரார், வாணிபம் நடத்திய கதீஜா நாயகியாரையும் மார்க்கம் போதித்த ஆயிஷா நாயகியாரையும் எடுத்துக்காட்டுவர். அத்துடன் மேடை கலைந்துவிடும். அக்கட்டளை நபிகளாரின் துணைவியரை விளித்து வந்தது என்பதையும், அதை அடுத்து வரும் வசனமே அவ்வீடுகளில் ஓதப்படும் இறைவசனங்களையும் ஞானத்தையும் நினைவுகூரச் சொல்கிறது என்பதையும் முதற் சாரார் சொல்ல மறப்பர். கதீஜா நாயகியாரின் இல்லத்தில் பணியாட்கள் இருந்தனர் என்பதை மறு சாரார் மறப்பர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு விடை தேடி நிற்கும் தாய்க்கு இவ்விரு சாராராலும் ஆவதொன்றுமில்லை.

அப்படி விடை தேடி நிற்பவள் ஒருத்தியை நான் அறிவேன். முன்னொரு காலம் என்னிடம் ஓதியவள், பி.எட். முடித்து, இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் பள்ளியொன்றில் 6 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள். இப்போது கணவருடன் ஷார்ஜாவில் வாழ்கிறாள். மகனுக்கு 4 வயது. மகளுக்கு ஒன்றரை வயது. ஏப்ரலில் தொடங்கும் கல்வியாண்டுக்கு அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளியொன்று அவளை அழைத்திருக்கிறது. பட்டச் சான்றிதழ்களில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் விழுந்தாகிவிட்டன. கணவருக்கு மறுப்பில்லை. அவள் கேட்டது இது: “ஹஜ்ரத், மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்று நான் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், என் மகள் என்னைத் தேடாமலே பழகிவிட்டால் அதற்கு நான் என்ன பதில் சொல்வது?”

ஃபத்வாவுக்குள் அடங்கும் கேள்வியன்று இது. ஆயினும் ஃபிக்ஹு நூல்களை ஒதுக்கிவிட்டும் இதற்கு விடை காண இயலாது.

முதலில் நம் ஊர்களை நினைத்துப் பார்ப்போம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய் வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வருவதும் வழக்கம். ஆண்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்ற காலத்தில் அவ்வழக்கம் பேருதவியாக இருந்தது. ஒரு பிள்ளை பிறந்தால் அதை வளர்க்க உம்மா, உம்மாவின் உம்மா, பெரியம்மா, சாச்சி, அடுத்த வீட்டு மாமி என்று ஐந்தாறு கைகள் காத்திருக்கும். தெருவுக்கொரு வீட்டில் பெண்ணொருத்தி, மடியில் தன் குழந்தையைக் கிடத்திக்கொண்டே, சுற்றியிருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுப்பாள். குழந்தை அழுதால் ஓதுகின்ற பெண்பிள்ளைகளுள் ஒருத்தி தூக்கிக்கொள்வாள். அவளை யாரும் “வேலைக்குப் போகும் தாய்” என்று சொன்னதில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெரியோர்கள் அறபுத்தமிழில் எழுதிய மார்க்க நூல்கள் வீடுகளுக்குள் வாழ்ந்ததும் இத்தகைய பெண்களின் நாவால்தான்.

ஆகவே, அந்தக் காலத்துத் தாய் பிள்ளையை விட்டு அகலவில்லை என்று சொல்வோர், அவளைச் சூழ்ந்திருந்த வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழாவது மாடியில், இரண்டு அறைக்குள், காலை ஆறரை மணிக்குக் கணவன் வெளியேறி இரவு திரும்பும் வரையில் இரு குழந்தைகளுடன் தனித்திருக்கும் பெண்ணிடம், “உன் பாட்டி எங்கே வேலைக்குப் போனாள்?” என்று கேட்பது நீதியன்று. பாட்டிக்கு இருந்த கைகள் இவளுக்கு இல்லை. பாட்டியிடம் எவரும் கேட்காத தனிமையை இவளிடம் கேட்கிறோம்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். கற்றோர் எழுப்பும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குழந்தையை வளர்ப்பது தாய்மீது தனிக்கடமை, அதாவது ஃபர்ளு ஐன். ஊராரின் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதோ சிலர் செய்தால் மற்றவர் மீதிருந்து நீங்கிவிடும் ஃபர்ளு கிஃபாயா. பின்னதற்காக முன்னதைக் கைவிடலாகுமா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தனிக்கடமை எது என்பதில் சிறிது நிதானம் வேண்டும். குழந்தை கேடுறாமல் காக்கப்பட வேண்டும் என்பதே கடமை. ஒவ்வொரு நாழிகையும் தாயின் கையாலேயே அது நிறைவேற வேண்டும் என்று நம் இமாம்கள் கூறவில்லை. ஷாபிஈ மத்ஹபில், பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலை ஊட்டுவதுதான் தாய்மீது கட்டாயம். அதன்பின் ஊட்டுவதற்கு வேறொருத்தி இருப்பாளாயின் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது. நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே, ஹலீமா அம்மையாரின் பாலருந்தி, பெற்ற தாயை விட்டுத் தொலைவில் வளர்ந்தவர்கள் அல்லவா?

இதனினும் என் மனத்தில் ஆழப் பதிந்தது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம். பால்குடியின் முழுக்காலம் இரண்டு ஆண்டுகள் என்று கூறியபின், அதற்கு முன்பே நிறுத்த விரும்பினால் தாய் தந்தை இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்தால் குற்றமில்லை என்று அது கூறுகிறது. ஆட்சியைப் பற்றிப் பேசும்போது வரும் ‘மஷூரா’ என்னும் அதே வேர்ச்சொல், ஒரு குழந்தையின் பாலைப் பற்றிப் பேசும்போதும் வருகிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயைத் துன்புறுத்தலாகாது, தந்தையையும் துன்புறுத்தலாகாது என்றும் அவ்வசனமே எச்சரிக்கிறது. பாலைக் குறித்தே முடிவு ஒருவர் கையில் இல்லையென்றால், ஒரு வீட்டின் நாள்முழுதையும் மாற்றும் முடிவு ஒருவர் கையில் எப்படி இருக்க முடியும்? மனைவியைத் தடுக்கும் கணவனுக்கு மட்டுமன்று, “போய்ச் சம்பாதித்து வா” என்று தள்ளிவிடும் கணவனுக்கும் இது பொருந்தும்.

பின்னவர்கள் தொகை பெருகி வருவதால் அதைக் குறித்து ஒரு வார்த்தை. மனைவி எவ்வளவு செல்வமுடையவளாயினும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் செலவிடும் நஃபகாக் கடமை கணவன்மீதே உள்ளது. ஊரில் கட்டுகிற வீட்டுக்கு மூன்றாம் தளம் எழுப்ப அவளுடைய ஊதியத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, அதற்காகவே மார்க்கத்தில் இடமுண்டா என்று கேட்போர்க்கு நான் விடை சொல்வதில்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் (ரலி), தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலுள்ள அநாதைகளுக்கும் செலவிட்டால் அது தர்மமாகுமா என்று கேட்டறிந்தபோது, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியுமாக இரண்டு உண்டு என்று நாயகம் அவர்கள் அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. தர்மம் என்று பெயர் சூட்டப்பட்டமையாலேயே அது அவர்மீது கடனன்று என்பது தெளிவு.

கற்பித்த பெண்களுக்கு நம் வரலாற்றில் பஞ்சமில்லை. மேடைகளில் அடிக்கடி கேட்கும் பெயர், மக்காவில் புகாரி ஷரீபைப் போதித்த கரீமா மர்வஸிய்யா. ஹிஜ்ரி 463இல் மறைந்த அப்பெருமாட்டி மணம் புரியாது வாழ்ந்தவர் என்பர் வரலாற்றாசிரியர். அவருடைய பாட அவையில் தொட்டில் ஆடவில்லை. எனவே நம் கேள்விக்கு அவர் சான்றாக மாட்டார். ஹஃப்ஸா நாயகியாருக்கு எழுத்துக் கற்பித்த ஷிஃபா (ரலி) சுலைமான் என்னும் மகனைப் பெற்றவர். இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி அவர்களின் துணைவியார் உன்ஸ், பெண்மக்கள் பலரைப் பெற்றவர்; கெய்ரோவில் ஹதீஸ் போதித்தவர். பெற்றதும் போதித்ததும் ஒரே வாழ்வுக்குள் நிகழ்ந்தன. அவர்கள் எப்படிச் சமாளித்தனர் என்பதைத்தான் எந்த நூலும் நமக்குச் சொல்வதில்லை. தம் இல்லங்களில் பொழுது எவ்வாறு கழிந்தது என்று ஆண் அறிஞர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு.

ஆனால் ஒரு செய்தி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தொழுகையை நீட்டி ஓத எண்ணி நிற்கும்போது, பின்வரிசையில் ஒரு குழந்தை அழும் ஓசை கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை அறிந்து தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாக நாயகம் அவர்கள் கூறியுள்ளார்கள். பன்முறை ஓதிய இந்த ஹதீஸில், அழும் குழந்தையுடைய தாயை இனி வரவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? அந்தத் தாயும் இருந்தாள், குழந்தையும் இருந்தது, சுருங்கியது தொழுகை. உலகிலேயே மேலான செயல் ஒரு குழந்தையின் அழுகைக்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் என்றால், ஒரு பள்ளிக்கூடத்தின் கால அட்டவணை சுருங்கக் கூடாதா?

சுருங்குகிறதா என்று பார்த்தால், சிறிதளவே. அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் தனியார் நிறுவனப் பெண்களுக்கு 60 நாள் பேறுகால விடுப்பை வழங்குகிறது. 45 நாள் முழு ஊதியம், 15 நாள் அரை ஊதியம். பாலூட்டுவதற்கு நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படாத இடைவேளை உண்டு. அதுவும் பிள்ளை பிறந்து 6 மாதம் வரையில்தான். நம் நாட்டில் 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. தமிழக அரசுப் பணியாளர்க்கு 2021 முதல் 12 மாதங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் உதவாது என்பது வேறு. ஆகவே சுருங்க வேண்டியது எது என்பதைக் குடும்பத்தினரே தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கணவரிடம் நான் கேட்டது இதுதான்: பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் யார் விடுப்பு எடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா? அவர் சிறிது நேரம் பேசவில்லை. ஒவ்வொருவரும் மேய்ப்பரே என்னும் ஹதீஸில் ஆணின் பொறுப்பும் பெண்ணின் பொறுப்பும் தனித்தனியே கூறப்பட்டிருக்கின்றன. நாம் பின்னதை மட்டும் மனனம் செய்து வைத்திருக்கிறோம்.

மகள் தேடாமல் பழகிவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சத்துக்கு வருகிறேன். சில வாரங்கள் அழும், பிறகு பழகும். அந்தப் பழக்கத்தைக் கண்டு தாய்க்கே அழுகை வரும். இது இழப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவளுடைய முதற்சொற்களில் சில வேறொருவர் காதில் விழும். ஆனால் மாலையில் கதவு திறக்கும் ஓசைக்கு ஓடிவரும் குழந்தை தாயை மறந்த குழந்தையன்று. வீட்டில் நாள்முழுதும் இருந்தும், தான் கற்ற கல்வி துருப்பிடிக்கிறதே என்று உள்ளுக்குள் வாடும் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வளரும் குழந்தைக்கும் ஓர் இழப்பு உண்டு. கல்வியும் ஓர் அமானிதமே. இரண்டையும் தராசில் வைத்து நிறுக்க வெளியில் நிற்கும் என்னால் ஆகாது, அவளால் ஆகும். பள்ளியில் ஓராண்டு அரைநாள் பணி கிடைக்குமாயின், ஊதியம் குறைந்தாலும் அதைக் கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன். மகளுக்கு 2 வயது நிறையும் வரையிலேனும் அது நலம் என்பது என் கருத்து.

இவ்வளவும் பேசியபின் எஞ்சி நிற்பது ஒரு பெண். காலை ஏழு மணிக்கு அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்பவள் யார்? பெரும்பாலும் அவளும் ஒரு தாய். கேரளத்திலிருந்தோ, ஆந்திரத்திலிருந்தோ, பிலிப்பைன்ஸிலிருந்தோ, இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்தோ வந்தவள். தன் பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். ஆசிரியையின் குழந்தை மாலையில் தாயைக் காணும். இவளுடைய குழந்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை காணும். 2013இல் இலங்கை அரசு, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லத் தடை விதித்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அவ்வயது வரம்பு இரண்டாகக் குறைக்கப்பட்டது. பட்டம் பெற்ற தாய் வேலைக்குச் சென்றால் சமுதாயத் தொண்டு என்கிறோம். படிக்காத ஏழைத் தாய் சென்றால் பிள்ளையைக் கைவிட்டவள் என்கிறோம். இந்த வேறுபாட்டுக்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடினேன், கிடைக்கவில்லை.

மேற்சொன்ன 233ஆம் வசனம் பிறர் பிள்ளைக்குப் பாலூட்டும் பெண்ணையும் மறக்கவில்லை. அவளுக்குரியதை முறைப்படி கொடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனையிடுகிறது. அமீரகத்தின் 2022ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டப்படி அவளுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வும் ஆண்டுக்கு 30 நாள் ஊதிய விடுப்பும் உண்டு. அவளுடைய கடவுச்சீட்டை எஜமானர் வைத்துக்கொள்ளலாகாது. இவை சட்டம் கேட்பவை. என் மாணவியிடம் நான் கேட்டது இன்னும் ஒன்று. பள்ளி முடிந்து அவள் திரும்பி மகளை வாங்கிக்கொள்ளும் வேளையில், அந்தப் பெண்ணின் ஊரில் பிள்ளை உறங்கச் செல்லும் நேரம் எத்தனை மணி என்று தெரிந்து வைத்திருக்கிறாளா, அந்நேரத்தில் கைப்பேசியில் தன் பிள்ளையோடு பேச அவளுக்கு வேலையில்லாத அரைமணி உண்டா என்பது.